கப்பலூரில் நாற்பது லிட்டர்

கடல் எங்களிடம் வியாழக்கிழமை வரும்.
இரண்டு கேன்.
பாம்பனிலிருந்து கரிமேட்டுக்கு வரும் மீன் வண்டியில்
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே
சேசுராயன் ஏற்றிவிடுவார்.
விடியுமுன் போய்
ஸ்கூட்டரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று
கட்டிக்கொண்டு வருவேன்.
பசுமலை ஏற்றத்தில் சும்மா இருக்கும்.
திருநகர் தாண்டினால் கேனுக்குள் அலையடிக்கும்,
வேகத்தடைக்கு ஓர் அலை வீதம்.

கப்பலூர்.
பேரில் கப்பல் இருக்கிறது,
போர்வெல்லில் எழுநூறு அடிக்கும் தண்ணீர் இல்லை.
இங்கேதான் மீன்களுக்கு வீடு வார்க்கிறோம்.
அனல்மின் சாம்பல்,
இடித்த வீடுகளின் டைல்ஸ் சில்லு,
தேங்காய்ப்பூ போலத் துருவிய பால் கவர்,
கொஞ்சம் சிமெண்ட்.
கல்லுக்கு மூன்று ஓட்டை.
நாலாயிரம் கல் ஆர்டர்.
படகில் ஏற்றி, ஆறு பாகத்தில் இறக்கி,
மீன் வந்து குடியேறக் காத்திருப்பார்கள்.

நசுக்கிப் பார்க்கும் மிஷினில்
எல்லாக் கல்லும் தேறிவிட்டது.
எவ்வளவு பாரம் தாங்கும், அதற்கு ஓர் எண் உண்டு.
எதையெல்லாம் விட்டுக்கொடுக்கும்,
அதை யாரும் கேட்கவில்லை.
கேட்காததற்குத்தான் இந்தத் தொட்டி,
என் சம்பளத்தில் பாதி,
வேல்மயில் முதலாளியின் முகச்சுளிப்பு.

கரிமேட்டில் உயிர் நண்டு இரண்டு வாங்கினேன்.
குழம்புக்கா, ரசத்துக்கா என்றாள் செல்லத்தங்கம்.
ஆபீசுக்கு என்றேன்.
ரப்பர் பேண்டை அறுத்து
ஒன்றை எங்கள் கல்லோடு விட்டேன்,
மற்றொன்றை மேலூர்ப் பாறைத் துண்டோடு.

முதல் மூன்று நாள் எங்கள் கல்லைத் தொடாமல்
கண்ணாடியைப் பிராண்டியது.
தண்ணீரில் சுண்ணாம்புக் காரம்; லிட்மஸ் நீலமோ நீலம்.
தண்ணீர் மாற்றினேன்.
ஆறாம் நாள் நடு ஓட்டைக்குள் போனது.
ஒன்பதாம் நாள் கல்லில் பச்சை பிடித்தது.
எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்.

பதினோராம் நாள்
பாறைத் தொட்டி நண்டு செத்துப்போனது.
மின்தடையா, வலையிலேயே அடிபட்டதா, தெரியாது.
"பாத்தியாம்மா,
நம்ம கல்லுல இருக்கதுதான பொழைச்சிருக்கு"
என்றார் முதலாளி.
அதை அறிக்கையில் எழுதவும் சொன்னார்.

இருபத்துமூன்றாம் நாள் ஓடு உரித்தது.
புது உடம்பு, தொட்டால் குழையும் மைதா.
வெளியே வரவேயில்லை.
கெட்டிப்படும்வரை அதற்கு
உலகத்தில் நம்பத் தகுந்தது அந்த ஓட்டை ஒன்றுதான்.
உரித்ததைத் தானே தின்னும் பழக்கம் நண்டுக்கு.
மிச்சம் வைத்த பாதியை இடுக்கியால் எடுத்து
லென்சின் கீழ் பிரித்தேன்.

கால் மடிப்பில் நீலத் துணுக்கு.
செவுள் இருந்த இடத்தில் இன்னும் நாலு.
ஒன்றில் எழுத்தின் ஒரு முனை ஒட்டியிருந்தது,
'பா'வின் துணைக்காலாக இருக்கலாம்.
எங்கள் வீட்டுக் கவராகவும் இருக்கலாம்.
எட்டு மாதமாய்க் கழுவி, கொடியில் காயப்போட்டு,
பெருமையாகத்தான்
கொண்டுவந்து கொடுக்கிறேன்.

படிவத்தில் தேறியது, தேறவில்லை
என்று இரண்டே கட்டம்.
'குறிப்பு' என்ற இடம் இரண்டு விரற்கடை.
அதில் தொடங்கி
ஓரத்தில் ஏறி, தாளின் முதுகுக்கும் போய்விட்டேன்.
ஒரே ஒரு நண்டு, ஒரே ஒரு மாதம்,
இதை வைத்து எதையும் சொல்ல முடியாது
என்றும் எழுதினேன். உண்மை அது.
கையெழுத்து இன்னும் போடவில்லை.

இரவில் சேசுராயன் கூப்பிட்டார்.
கல் எப்போது வரும் என்று ஊரில் கேட்கிறார்களாம்.
"ஒதுங்குமா தங்கச்சி, மீனு?"
ஒதுங்கும் என்றேன்.
அதுதான் அண்ணே, பயமா இருக்கு
என்பதற்குள் டவர் போய்விட்டது.

இந்த வியாழன் மூன்று கேன் கேட்டிருக்கிறேன்.
மூன்றாவதை ஸ்கூட்டரில் எங்கே வைப்பது
என்றுதான் தெரியவில்லை.