எட்டாவது கையெழுத்து

டுலூத் துறைமுகத்தில்
பனிக்கட்டி உடைந்து முதல் கப்பல் வருவதற்கும்
காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் வருவதற்கும்
ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கும்.
இந்த வருடம் கடிதம் முந்திக்கொண்டது.

பனி தள்ளும் தகடு செய்கிற பட்டறை.
பதினொரு பேர்.
கணக்கும் சம்பளமும் தபாலும்
காபி இயந்திரத்தைத் திட்டுவதும் என் வேலை.

மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை.
பெயர்கள் இல்லை. வயதும் விலையும்.
இருபத்திரண்டுக்கு ஒரு விலை,
அறுபத்தொன்றுக்கு அதைப்போல் ஏறக்குறைய மூன்று.
என்ன நோய் என்று அவர்கள் கேட்பதில்லை;
எத்தனை குளிர்காலம் கண்டாய் என்று கேட்கிறார்கள்.

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
எஃகு ஏறிவிட்டது, மின்சாரம் ஏறிவிட்டது,
தகட்டின் விலையை ஏற்றினால்
நகராட்சி விஸ்கான்சின்காரனிடம் போய்விடும்.
பங்கை வயதுவாரியாகப் பிரிக்கலாமா என்றேன்.
எல்லோருக்கும் ஒரே அளவு என்பது அவள் அப்பா போட்ட வழக்கம்.
"அதை மட்டும் தொடாதே" என்றாள்.

கிறிஸ்துமஸ் விருந்தில் சொல்லியிருந்தாள்,
மணிக்கு ஒரு டாலர் கூட்டித் தருகிறேன் என்று.
தந்தாள்.
இரண்டு வாரத்துக்கு எண்பது டாலர்.
காப்பீட்டுக்குக் கூடுதலாகப் பிடிப்பது எழுபத்தெட்டு.
மிச்சத்தை இரண்டு முறை பார்த்தேன்,
பென்சிலால் ஒருமுறை, இயந்திரத்தில் ஒருமுறை.

மூன்று பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
ஐந்தாம் பக்கம், பொடி எழுத்தில்:
எட்டுப் பேராவது சேராவிட்டால்
ஒருவருக்கும் கிடையாது.
வெள்ளிக்கிழமைக்குள்.
என் கையில் ஏழு.

லிபான் ஃபோர்க்லிஃப்ட் இருக்கையில் அமர்ந்து
அலுமினியத் தாளில் சுற்றிய சம்பூசாவைப் பிரித்துக்கொண்டிருந்தான்.
"போன வருடம் எத்தனை முறை டாக்டரிடம் போனேன்?
கணக்குக்காரர் நீங்கள்தான், சொல்லுங்கள்."
ஒருமுறையும் இல்லை.
"போனாலும் முதல் ஏழாயிரம் என் கையிலிருந்து.
அதற்கப்புறம்தான் அவர்கள் கதவைத் திறப்பார்கள்.
மினியாபொலிஸில் என் தங்கை கல்லூரியில் சேர்கிறாள்.
பணமாகக் கொடுங்கள்."

பதில் என்னிடம் இருந்தது.
அது அவன் முதுகுக்குப் பின்னால் நின்று
கிரேன் சங்கிலியை இடக்கையால் இழுத்துக்கொண்டிருந்தது.
கோர்டியின் வலத்தோள் போய் இரண்டு வருடம்.
அரசாங்கக் காப்பீடு வர இன்னும்
மூன்று வருடம், எட்டு மாதம்.
ஐலீனும் அவர் அட்டையில்தான்.
இந்த மனிதர் வெல்டிங் செய்ய வருவதில்லை இப்போது,
அட்டையைக் காப்பாற்ற வருகிறார்.

லிபான் திரும்பிப் பார்த்தான்.
சங்கிலி சத்தம் நிற்கும்வரை பார்த்தான்.
"கோர்டிக்காகவா?"

யார் உடம்பைப் பற்றியும் நான் பேசக் கூடாது.
ஸ்டேப்ளரில் பின் இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன்.
இருந்தது.

விரலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினான்.
இருக்கையின் பஞ்சுமேல் வைத்து எழுதியதில்
பெயரின் கடைசி எழுத்து காகிதத்தைக் கிழித்தது.
"வருடத்துக்கு எவ்வளவு போகிறது என்று எழுதிக் கொடுங்கள்.
எனக்கு மறக்கக் கூடாது."
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
மஞ்சள் சீட்டில் எழுதினேன்.
மடித்து செல்பேசி உறைக்குள் செருகிக்கொண்டான்.
நன்றி என்றேன்.
ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப்பென்று பின்னால் நகர்ந்தது.

மேசைக்கு வந்து எட்டையும் அடுக்கினேன்.
அட்டவணையில் ஐம்பத்தொன்பது என்றொரு வரி உண்டு,
மேலிருந்து இரண்டாவது விலை.
அது யார் என்று அவன் கேட்கவில்லை.
கோர்டியின் பக்கம் அவன் திரும்பியபோது
நான் அந்தப் பக்கமே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உறையை ஒட்டினேன்.
தபால் வண்டி நாலு மணிக்கு.