மூன்றில் ஒரு பங்கு

பிறர் கையெழுத்தில் எழுதுவது என் பிழைப்பு.
போன படத்தில் நான் ஒரு பிஷப்,
அதற்கு முன் கள்ள உயில் எழுதிய ஒரு மருமகன்.
இந்த இலையுதிர்காலம் முழுக்க
இன்ஜினியர் பெலிசார்யோ தவோரா.

வியானாவுக்கு வடக்கே, ஆறு கடலில் விழுகிற இடத்தில்
அவர் கட்டிய இரும்புப் பாலத்தின் கீழே
பன்னிரண்டு வண்டிகளில் வந்து இறங்கினோம்.
ஊர்க்காரர்களுக்குத் தொப்பி மாட்டினோம்,
தார்ச்சாலை மேல் மண் கொட்டினோம்.
குதிரைச் சாணம் மட்டும் நிஜம்.

கதை இப்படி:
ஆளுநரின் மகள். பச்சைப் பட்டு.
இன்ஜினியர் கடிதம் எழுதுவார்,
அவள் படிப்பாள், அழுவாள்,
கல்யாணத்துக்கு முந்தின இரவில்
மெழுகுவத்தியில் காட்டி எரிப்பாள்.
“ஏழு பிரதி வேண்டும், தோமாசியா,
நெருப்பு ஒரே டேக்கில் நடிக்காது” என்றார் எவரார்தோ.

கை பழக வேண்டுமே என்று
பிராகா நகரத்து ஆவணக் காப்பகம் போனேன்.
நான்கு பெட்டிகள்.
ரிவெட் கணக்கு, நிலக்கரிக் கணக்கு,
சாரத்திலிருந்து ஆற்றில் விழுந்த இருவருக்கும்
சவப்பெட்டி செய்த தச்சனின் கணக்கு.
அவருடைய குறுக்குக் கோடுகள்
எழுத்தைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும்,
பிரேக் பிடிக்கத் தெரியாத வண்டி மாதிரி.
அதைப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாம் பெட்டியில், பாரக் கணக்குத் தாள் ஒன்றின் ஓரத்தில்
பென்சிலில் இருந்தது:
வாடை. எ. சொன்னாள். மூன்றில் ஒரு பங்கு கூட்டு.

எ. யார்?

நான்காம் பெட்டியின் அடியில் ரசீது.
பாலம் திறந்ததும் படகுத்துறை மூடப்படும்.
நஷ்டஈடு நாற்பத்திரண்டு மில்ரெய்ஸ்.
பெற்றுக்கொண்டது எர்மெலிந்தா, துறைக்காரி.
கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.
தாள் கிழியுமளவு அழுத்தி,
துடுப்புப் பிடித்த கை.

இரண்டு வருடம் இக்கரை அக்கரை என்று
அளவுக்கோலோடும் குடையோடும்
அவரைத் தள்ளிக்கொண்டு போனவள்.
இரவு எத்தனை மணிக்கு வாடை திரும்பும்,
திரும்பினால் எவ்வளவு முரடு என்று
சொல்லியிருக்கிறாள்,
தன் சோற்றில் மண் போடப்போகிற பாலத்துக்காக.
அவர் கேட்டிருக்கிறார்.
கேட்டு, அத்தனை டன் இரும்பைக் கூட்டியிருக்கிறார்.
காதலா, நல்ல கணக்கா,
பெட்டியில் விடை இல்லை.

எவரார்தோவிடம் சொன்னேன்.
“எழுத்தே தெரியாதவளுக்கு எவன் கடிதம் போடுவான்?
அப்புறம் எதை எரிப்பது?”
நியாயம்தான். பட்டும் வாங்கியாயிற்று.

காமிராவுக்கு முதல் வரியும் கடைசி வரியும் போதும்.
நடுவில் என்ன இருந்தாலும் கேள்வியில்லை.
அதனால் முதலில் ‘என் நிலவே’,
கடைசியில் ‘சாகும்வரை உன்’,
இடையே
ஒரு படகில் உரக்கச் சொல்லக்கூடியதை எழுதினேன்:
இன்று நீர் எவ்வளவு ஏறியது.
உன் இடது துடுப்பு கிறீச்சிடுகிறது, கொழுப்புத் தடவு.
நாளை வாடை வருமா?
வந்தாலும் நான் வருவேன், காத்திரு.

நான்காவது டேக்கில் நடிகை
நடுப்பகுதியைப் படித்துவிட்டாள் போல.
அழ மறந்தாள்.
தலை தூக்கி ஜன்னல் கதவு அடிக்கிறதா என்று பார்த்தாள்.
கட்.
அந்த டேக் ஆகவில்லை.

கடைசி இரவு நிஜமாகவே வாடை வந்தது.
கூடாரம் பறந்தது,
விளக்குகளைக் கயிறு போட்டுக் கட்டினார்கள்,
ஆளுநர் மாளிகையின் அட்டைச் சுவர் மடங்கி ஆற்றில் போனது.
நான் பாலத்தில் ஏறி
ஒரு குறுக்குச் சட்டத்தில் உள்ளங்கை வைத்தேன்.
குளிர்ந்திருந்தது. அசையவில்லை.
கீழே பழைய துறையின் கல்படிகள்
அலை விலகும்போது மட்டும் தெரிந்தன.

கணக்காளருக்கு மறுநாள் பில் எழுதினேன்:
கடிதங்கள் ஏழு. எரிந்தவை ஆறு.
மை, தாள், பிராகா போக வர ரயில்.
கூட்டுத்தொகையோடு
மூன்றில் ஒரு பங்கு சேர்த்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
யாரும் கேட்கவில்லை. பணம் வந்தது.