கடிகாரத்துக்குப் பின்னால்

பள்ளத்தூரில் காலை ஏழேகாலுக்கு
வாத்தைக் காணோம்.

உயிர் வாத்து இல்லை. ரங்கூனில் கப்பலேறி
வந்து சேர்ந்த அரக்கு வாத்து.
முதுகைத் தூக்கினால் வெற்றிலைப் பெட்டி.
சிவப்பில் கறுப்புக் கொடி, அலகில் ஒரு கீறல்.
பட்டாலையில் கண்ணாடி அலமாரிக்குள்
யாரையும் பாராமல் உட்கார்ந்திருக்கும்.
இன்று அது இருந்த இடத்தில்
தூசி படியாத ஒரு வட்டம்.

நான் துப்பறிய வரவில்லை.
‘மழைக்குப் பின் செட்டிநாடு’: எண்ணூறு சொற்கள்,
நான்கு படம், பணம் அடுத்த மாதம்.
ஆனால் பூட்டு உடையவில்லை,
வீட்டை விடுதியாக நடத்தும் உமையாள்
பதினேழு பங்காளிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள்.
“போலீசுன்னா பதினேழு பேருக்கும் சொல்லணும்.
அதுக்குக் களவே தேவலை.
எழுதுறவங்கதானே, நீங்க கொஞ்சம் பாருங்களேன்.”
எழுதுகிறவளுக்குக் கண் இருக்கும் என்று
இன்னமும் நம்புகிறார்கள்.

சமையல் முத்துராக்கு
பணியாரத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:
“தாராளமா சந்தேகப்படுங்க, எண்ணெய் காயுது.”
காவல் அடைக்கலம் இரவு முழுக்க
கண் மூடவில்லையாம்.
கன்னத்தில் கயிற்றுக் கட்டிலின் வரி.
புனேயிலிருந்து வந்த கணவன் மனைவிக்குள்
மூன்று நாளாகப் பேச்சில்லை.
சேர்ந்து திருடுவதற்காவது பேசியாக வேண்டும்.
மிச்சம் திருப்பூர் நஞ்சப்பன்.
பனியன் கம்பெனியை மகனிடம் விட்டுவிட்டு
ஊர் பார்க்கக் கிளம்பியவர்.
முதல் நாளே என்னிடம் வந்து,
“உங்க கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேனுங்க” என்றார்.
என்னுடைய இரண்டாவது பணியாரத்தை
அவர் தட்டில் வைத்தேன்.
அப்படி ஒருவரைச் சந்தேகிக்க
யாருக்கு மனசு வரும்?

உக்கிராண அறையில் சுவர்க் கடிகாரம்
ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது.
ஊசல் நின்ற நேரம் இரண்டு நாற்பது.
பின்பக்கத் தூசியில் நான்கு விரல் தடம்.
“சாவி இங்கேதானே தொங்கும்?” என்றேன்.
உமையாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
“அது என்னைக்குமே காலண்டர் ஆணியிலதான்.
கடிகாரத்தை யாரும் தொடமாட்டோம்,
ஞாயித்துக்கிழமை அதுக்குச் சாவி கொடுக்கிறதோட சரி.”

பிறகுதான் உறைத்தது.
மூன்று வருஷத்துக்கு முன்
திரும்பும் ரயிலில், மேல் படுக்கையில் குனிந்து
நான் எழுதிய வரி:
அலமாரிச் சாவி கடிகாரத்துக்குப் பின்னால் தொங்குகிறது,
காலத்தையே காவலுக்கு வைத்தாற்போல.

காலண்டர் என்றால் உவமை அமையவில்லை.
சாவியை நான்தான் இடம் மாற்றினேன்.

வீட்டு ஆள் யாரும் கடிகாரத்தைத் துழாவமாட்டார்.
துழாவிய கை
என்னைப் படித்த கை.
அங்கே இல்லையென்றதும்
இருட்டில் பக்கத்துச் சுவரைத் தடவி
காலண்டரைக் கண்டுபிடித்திருக்கிறது.

துருக்கித் துண்டில் சுருட்டி
அவர் பெட்டிக்குள் படுத்திருந்தது வாத்து.
முதுகைத் திறந்தால்
அதற்குள்ளேயே குடியேறிவிட்ட பிரஷர் மாத்திரைகள்.
“நீங்க எழுதினதப் படிச்சதிலிருந்து
அது வேணும்னு ஆயிப்போச்சுங்க” என்றார்.
இத்தனை வருஷத்தில்
என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே விமர்சனம்.

உமையாள் சத்தம் போடவில்லை.
கவுனி அரிசி ஒரு கிண்ணம் வைத்தாள்,
சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றாள்,
பில்லில் கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்:
வாத்து, ஓர் இரவு வாடகை.
அவர் சில்லறைகூடக் கேட்காமல் காரில் ஏறினார்.

மதியம் கட்டுரையை முடித்தேன்.
சாவி இப்போது எங்கே என்று எனக்குத் தெரியும்,
சொல்வதாயில்லை.
கிணற்றடியில், மூன்றாவது செங்கல்லுக்கு அடியில்
என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

உமையாளிடம் மட்டும் சொல்லி வைத்தேன்:
என்றாவது ஒரு காலையில்
கிணற்றடிச் செங்கல் பெயர்ந்து கிடந்தால்
உடனே எனக்கு போன் பண்ணு.
களவைப் பற்றிக் கவலையில்லை.
இன்னொரு வாசகர்.