மூன்று தட்டு

ஹெல்சிங்கி. ஜனவரி. காலை ஆறேகால்.
டிராமில் என்னோடு ஏறியவர்கள் நான்கு பேர்;
எவரும் எவர் பக்கத்திலும் உட்காரவில்லை.

ரத்த வங்கி மிச்சம் வைத்த வெள்ளணுக்கள்
நேற்று மாலை வந்தன.
சிவப்பை மருத்துவமனைகள் எடுத்துக்கொள்ளும்.
யாருக்கும் வேண்டாத இந்தச் சாம்பல் படலம் எனக்கு.
தொண்ணூறு பேருடையது, ஒரே குடுவையில்:
மரம் அறுப்பவர், தபால்காரி,
ராணுவப் பயிற்சிக்கு வந்த பையன்கள்.
பெயர்கள் பையோடு போய்விட்டன.

கோழிமுட்டைக்குள் வளர்த்த வைரஸை
அவற்றின் மேல் ஊற்றியதும் நான்தான்.
இரவெல்லாம் வெதுவெதுப்பில் சுழன்றன.
தொற்றிய அணு பெரும்பாலும் பிழைப்பதில்லை.
சாவதற்குள் ஒரு புரதம் செய்து வெளியே விடுகிறது:
வந்துவிட்டான், கதவைச் சாத்து.
பக்கத்து அணுவின் தோலில்
அதற்கென்றே ஒரு காது.
கேட்ட அணு தன் பட்டறைகளை மூடுகிறது.
அதே சொல்
ரோந்துபோகும் கொல்லணுக்களை உசுப்புகிறது.

விடிந்ததும் சுழற்றிப் பிரித்தால்
அணுக்கள் அடியில் சேறு.
மேலே நிற்கிறது வெளிறிய நீர்:
சொன்னவர்கள் போய்ச் சொல் மட்டும்.
வடிகட்டிச் சீசாவில் எண் எழுதுவது என் வேலை.

முதல் சோதனைக்குக் கை நீட்டியவள் ஐலி.
அன்றிரவே முப்பத்தொன்பது டிகிரி.
பல் கிட்டியது, எலும்புக்கு எலும்பு வலி.
அவள் உடம்பில் ஒரு கிருமிகூட இல்லை.
சேதியே காய்ச்சல்.
மறுநாள் அளவைப் பாதியாக்கினார்கள்.
கேட்டது போதும் என்று காதைப் பொத்திக்கொள்ள
அணுவிடம் இன்னொரு புரதம் இருக்கக்கூடும் என்று
சாப்பாட்டு மேசையில் யாரோ சொன்னார்,
கம்பு ரொட்டியைப் பிய்த்தபடி.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தாய்ஸ்தோ.
அந்தப் பெயருக்குப் பொருள் போர்.
ரேடியேட்டர் குழாயில் கரண்டியால் மூன்று தட்டு:
வாசலில் உறைபனி, வழுக்கும்.
மூன்று தட்டு: படியில் அந்நியர்.
மூன்று தட்டு:
காரணம் அவருக்கே தெரியாத ராத்திரிகள்.
ஐந்து மாடியும் கொட்டக் கொட்ட விழித்திருந்தது.
பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுந்தார்கள்.
குடியிருப்போர் சங்கம் கடிதம் எழுதியது.
அப்புறம் மாடிக்கு மாடி
குழாயைச் சுற்றிக் கம்பளி.

நன்றாகத்தான் தூங்கினோம்.

நேற்று நள்ளிரவில் கொதிகலன் நின்றதை
காலைவரை ஒருவரும் அறியவில்லை.
கண்ணாடியின் உள்பக்கம் பனிப்பூ.
ஜன்னலோரச் செடி
வேகவைத்த கீரைபோல் துவண்டிருந்தது.
தாய்ஸ்தோவுக்கு முன்பே தெரிந்திருக்கும்.
கீழே எப்போதும் முதலில் குளிரும்.

இருநூற்றுப் பதினான்காம் சீசாவில் பேனா நிற்கிறது.

சாயங்காலம் ஒரு கரண்டியோடு
குழாய் முன்னால் நிற்கப்போகிறேன்.
எத்தனை தட்டினால் அது சேதி,
எத்தனைக்கு மேல் காய்ச்சல்,
தெரியாது.
முதலில் கம்பளியை அவிழ்க்க வேண்டும்.
இறுக்கமான முடிச்சு.
என் மாடியில் அதைப் போட்டதும்
நான்தான்.