முழுப் பங்கு

சல்மாபாத், பதினாலாம் நம்பர் அறை.
ஏழு பேருக்கு மெஸ், ஆளுக்கு இருபத்தெட்டு தினார்.
நோட்டு என் கையில்தான், பதினொரு வருஷமாய்.
அரிசி எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின்,
வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி யார் வாங்கினான்,
எல்லாம் அதில் உண்டு.
என் பசி எந்தத் தேதியில் நின்றது என்பது மட்டும்
எங்கேயும் எழுதவில்லை.

சட்டென்று நிற்கவில்லை அது.
முதலில் இரண்டாம் சோறு போனது.
பிறகு காலைக் குப்பூஸில் பாதி.
பிறகு ஒருநாள், சாஃபி மீன் பொரிகிற வாசம்
தாழ்வாரம் முழுக்க நிற்கிறது என்று
பீர் முகம்மது மூக்கை உறிஞ்சுகிறான்;
எனக்கு வெறும் புகை.
சமையல் முறை எனக்கு வந்த அன்று
"அண்ணே, கடலையே ஊத்திட்டீங்களா?" என்றான் தனுஷ்கோடி.
நான் அதே குழம்பில்
இன்னும் கொஞ்சம் உப்பு போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கிளினிக்கில் எடை பார்த்தார்கள். ஐம்பத்தாறு.
வயது ஐம்பத்தொன்பது.
இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போனது
எந்த வருஷம் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.
"வயசானா வயிறு மெதுவாத்தான் காலியாகும்,
நாலு வாய்க்கே நிறைஞ்ச மாதிரி இருக்கும்,
நாக்கும் மூக்கும் மழுங்கும்" என்றார் மலையாளி டாக்டர்.
கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடச் சொன்னார்.
ஃபோர்மேனிடம் போய் ஆறு வேளை என்று சொல்ல
எனக்கு இந்தியும் போதாது, தைரியமும் போதாது.
பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டேன்.
வெல்டருக்கு அதுவா கஷ்டம்.

போன மாசக் கடைசியில் கணக்குக் கூட்டம்.
தனுஷ்கோடிக்கு இருபத்துமூன்று. நாலு குப்பூஸ், மேலே சோறு.
அவன்தான் ஆரம்பித்தான், நல்ல மனசில்தான்.
"இன்னாசி அண்ணன் கோழி மாதிரி கொத்துறார்.
அவருக்குப் பாதிப் பங்கு போட்டாப் போதும்."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
எனக்குக் காது சுட்டது.
பாதிக் காசுக்குப் பாதித் தட்டு,
பாதித் தட்டுக்குப் பாதி ஆள்,
அப்புறம் கட்டிலையும் பாதியாய் அறுப்பீர்களா?
கத்தவில்லை. நோட்டைப் பிரித்து
என் பெயருக்கு நேரே இருபத்தெட்டு என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
அன்றிரவு வீம்புக்கு மூன்று கரண்டி தின்றுவிட்டு
விடியும்வரை மேல்கட்டில் கம்பிகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

ரெஜினாளுக்கு இதெல்லாம் தெரியாது.
அவளுக்குப் பத்து ஆகும்போது எனக்கு ஏழரை.
நேரத்தைச் சொல்கிறேன்.
ஃபோன் அடித்ததும் தட்டை நிரப்பிக் காட்டுவேன்.
"சாப்டீங்களா?"
"இதோ."
அவளும் தன் தட்டைத் தூக்கிக் காட்டுவாள்: சோறு, ரசம், அப்பளம்.
பேச்சு முடிந்ததும் என் சோறு சட்டிக்குத் திரும்பிவிடும்.
முன்பொரு காலம், சம்பளம் நாலு மாசம் நின்றபோதும்
டெலிபோன் பூத்தில் நின்று
"சாப்பிட்டேன்" என்றுதான் சொன்னேன்.
அந்தப் பொய்யாவது பசித்துக்கொண்டிருந்தது.

நேற்றுத்தான் கவனித்தேன்.
அவள் அப்பளத்தின் ஓரம் கருகியிருந்தது,
பிறை மாதிரி.
செவ்வாய்க்கிழமையும் அதே பிறை.
யோசித்தால், ஞாயிற்றுக்கிழமையும்.

நான் பேசாமல் இருந்தது பார்த்து
லைன் நின்றுபோச்சா என்று திரையைத் தட்டினாள்.
"ரெஜினா, அந்த அப்பளத்தைக் கடி.
சத்தம் கேக்கணும்."
அவள் என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்,
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
"நமத்துப்போச்சு."
"குப்பூஸுக்கு மட்டும் சத்தம் இருக்கா என்ன."
"அப்ப நீங்க முதல்ல."
"நீ."
"நீங்க."

பின்னால் தனுஷ்கோடி தட்டு கழுவுகிற சத்தம்.
ஒரு துண்டு கிழித்து வாயில் வைத்தேன்.
அவளும் ஒரு கவளம் எடுத்தாள்.
ரொம்ப நேரம் மென்றோம் இரண்டு பேரும்,
நெட் தீர்கிறவரைக்கும்.