ஒன்பதாவது தூண்

பொத்தானை அமுக்கினால்
விசிறி ஒரே ஒரு சுற்று சுற்றும்.
தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
திரும்பிப் பார்த்துவிட்டு
நமக்கில்லை என்று நின்றுவிடும்.
அப்புறம் பேச்சுமில்லை, மூச்சுமில்லை.

நண்டுத் தொழிற்சாலையில் இரவெல்லாம் ஓடு உடைத்து
மிச்சம் பிடித்த பணம்.
தாய்ப்பலகை ஒரு மாதம். செயலி இரண்டு மாதம்.
பெட்டி மட்டும் கிட்டத்தட்ட சும்மா:
பூன்தா அரேனாஸின் வரியில்லாக் கடைகளுக்குப் பின்னால்
எவனோ விற்றுவிட்டுப் போனதை
காற்று பிடுங்காமல் இரண்டு கையாலும் அணைத்து
மேடேறிக் கொண்டுவந்தேன்.

எவரிஸ்தோ சனிக்கிழமை கரை இறங்கினான்.
கப்பலில் டீசல் எஞ்சின் பார்ப்பவன்.
"காற்று போகலை, இல்லாட்டி எண்ணெய் வரலை.
ரெண்டே வியாதிதான் உலகத்தில்" என்றான்.
இதற்கு எண்ணெய் கிடையாது என்றேன்.
"அப்போ ஒரே வியாதி. சுலபம்."

நினைவகத்தைக் கழற்றி
பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தோம்.
ஒரு சுற்று. நின்றது.
இடம் மாற்றிச் செருகினோம்.
ஒரு சுற்று.
நாணயம்போல் இருந்த பேட்டரியைப் பிடுங்கி
தேநீர் குடித்து முடிக்கும்வரை வெளியே வைத்தோம்.
ஒரு சுற்று.
கம்பளிச் சட்டையைக் கழற்று, மின்சாரம் தெறிக்கும் என்றேன்.
குளிரில் பனியனோடு நின்று
அடுப்பின் இரும்பைத் தொட்டுத் தொட்டு வேலை பார்த்தான்,
கோயில் வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவன் மாதிரி.

கீழ்வீட்டு மில்கா யுத்ரோனிச்
தன் துணிக்கடைக் கணினியின் பவர் சப்ளையைக்
கழற்றிக் கொடுத்தாள்.
"திங்கள் பத்து மணிக்குக் கடை திறக்கணும்"
என்று மூன்று தடவை சொன்னாள்.
அதைப் போட்டும்
ஒரே சுற்று.

ஞாயிறு மாலை எல்லாவற்றையும் வெளியே இழுத்து
அட்டைப்பெட்டி மேல் பரப்பினோம்.
பொத்தான்கூட இல்லை.
இரண்டு முள்ளைத் திருப்புளி முனையால் தொட்டான்.
விசிறி சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
'பீப்' என்று ஒரு சத்தம், ஒன்றே ஒன்று.
நான் கத்தியதில் மில்கா கீழேயிருந்து கூரையைத் தட்டினாள்.

திரும்பப் பெட்டிக்குள் வைத்துத் திருகினோம்.
செத்துவிட்டது.
எடுத்தோம், பிழைத்தது.
வைத்தோம், செத்தது.

"கடலில் நல்லாத்தான் ஓடுது.
வீட்டுக்குள்ளே வந்தா ஆகலை" என்றான்
தகரத்தைப் பார்த்துக்கொண்டே.
நான் சிரிக்கவில்லை.
அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் ஜன்னல்தான் ஆடியது.

பிறகு நான் காலிப் பெட்டியைக் கவிழ்த்து
விளக்கைத் தாழ்த்தி
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினேன்.
பலகையில் ஓட்டை எட்டு.
பெட்டியில் பித்தளைத் தூண் ஒன்பது.
முன்பு வைத்திருந்தவனின் பலகை பெரிது போலிருக்கிறது.
அவனுக்குத் தேவைப்பட்ட இடத்தில்
நகக்கண் அளவுக்கு ஒரு தூண்
எங்கள் பலகையின் முதுகைக் குத்திக்கொண்டு நின்றது,
அதுபாட்டுக்கு.

இடுக்கியால் எடுத்தேன்.

திரை வெளுத்தது, எழுத்து வந்தது.
தேதி தவறு, சரிசெய்யவும் என்று கேட்டது.
அதன் கணக்கில் அன்று
இரண்டாயிரத்துப் பதினேழு, ஜனவரி ஒன்று.
அப்போது எனக்கு இவனைத் தெரியாது.
திருப்புளியைப் பல்லில் கடித்தபடி
அவன் தேதி சொல்லச் சொல்ல அடித்தேன்.
"மணி?"
பன்னிரண்டு தாண்டிவிட்டது என்றான்.
அப்படியானால் தேதியும் ஒன்று கூட்டு,
திங்கள் ஆகிவிட்டது.
ஆறு மணிக்குக் கப்பல்.

அடுத்த வரி வந்தது:
துவக்க எதுவும் கிடைக்கவில்லை,
வட்டைச் செருகவும்.

அது பரவாயில்லை. அது வேறு வேலை.

ஒன்பதாவது தூணைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.
எதற்கு என்று கேட்க விட்டுப்போயிற்று.
பத்து மணிக்குள் மில்காவின் பவர் சப்ளையைக் கழற்ற வேண்டும்.
எங்களுடையதை மறுபடி மாட்ட வேண்டும்.
அதன்மேல் ஒரு குற்றமுமில்லை,
முதலிலிருந்தே.