கொக்கியின் நிறம்

தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது:
தூக்கிகள் எல்லாம் இனி ஆரஞ்சு.
கூடவே ஒரு படம். வெள்ளைச் சுவர், நீல வானம்,
நடுவே பளிச்சென்று ஒரு கொக்கி.
எங்கள் ஆலையில் வெள்ளைச் சுவரும் இல்லை,
நீல வானமும் இல்லை.

சிலிம் ரிவரில், தண்டவாளம் தாண்டி,
எங்களுக்கு இருப்பதெல்லாம் குலை.
வெந்த குலை, வேகாத குலை, லோரியிலிருந்து சரியும் குலை.
சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்குப் போகும் வழியில்
எத்தனை நிறமுண்டோ அத்தனையும்
கீழே மலையாய்க் கிடக்கும்.
அதன்மேல் ஆரஞ்சுக் கொக்கியை இறக்கினால்
மாவில் விழுந்த உப்பு.

இப்போதிருப்பது பச்சை. கம்பெனியின் பச்சை.
வடக்கே சுவர் கிடையாது. அந்தப் பக்கம் போனால் கொக்கி
வெளியே நிற்கும் செம்பனையோடு சேர்ந்துகொள்ளும்.
பதினோரு வருஷமாய் அதை நான் இறக்குவது
கண்ணால் அல்ல, கைப்பழக்கத்தால்.

"தவமணி, ஓட்டுறது நீங்க. என்ன சொல்றீங்க?"
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
லிம் ஹார்டுவேரில் நிற அட்டை வாங்கினேன்.
எலுமிச்சை, கடுகு, மாலை வெயில், வாத்துக்குஞ்சு:
டின் நாற்பத்திரண்டு வெள்ளிக்கு
எவ்வளவு அழகான பெயர்கள்.

இரவு ஷிப்டு, இரண்டு மணித் தேநீர்.
ரஃபீக்கைக் கூப்பிட்டேன்.
கீழே நின்று கூண்டில் கொக்கியை மாட்டுபவன்,
என் கையின் மறு பாதி.
குலைமேல் அட்டையை ஒவ்வொன்றாய் வைத்து
தள்ளி நின்று பார் என்றேன்.
ஆரஞ்சை வைத்தபோது
அட்டையை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டான்.
பச்சையை வைத்தபோதும்
அதையே கேட்டான்.

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
நீராவிக் குழாய் ஒன்று கொஞ்ச நேரம்
எங்கள் இருவருக்குமாகப் பேசியது.

பிறகு சொன்னான், மலாய் பாதி தமிழ் பாதி.
சிவப்பும் பச்சையும் சின்ன வயதிலிருந்தே
அவனுக்கு ஒன்றுதானாம்.
புள்ளிகளுக்குள் எண் தேடும் புத்தகத்தை
ஏஜென்டு காசு கொடுத்துத் தாண்ட வைத்தானாம்.
கொக்கி வருவதைச் சங்கிலிச் சத்தத்தில் கேட்டுத்தான்
விலகுகிறானாம், மூன்று வருஷமாக.
"அக்கா, போஸுக்குத் தெரிஞ்சா பெர்மிட் போயிடும்."

மூன்று வருஷம்.
ஐந்து டன் கூண்டு.
மேலே உட்கார்ந்து நான்
கரண்டு பில்லும் ஸ்கூல் பஸ் காசும் கூட்டிக்கொண்டிருந்த
அத்தனை ராத்திரியும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
மஞ்சளும் கறுப்பும் என்றேன்.
சாய்ந்த பட்டை, உள்ளங்கை அகலம்.
நிறத்தை விடுங்கள்.
வெளிச்சமும் இருட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும்,
ஆவியிலும் தெரியும், பழைய கறுப்பு வெள்ளை டிவியிலும் தெரியும்.
"யார் சொன்னது?" என்றார் என்சிக் ஹம்டான்.
குளவியைக் கேளுங்கள் என்றேன்.
மேசை சிரித்தது.
அவன் பெயரை நான் சொல்லவில்லை.
சொல்லாதது சரிதானா, இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிறு ஆலை நின்றது.
டேப் ஒட்டி, பட்டை பிசகாமல் நானே அடித்தேன்.
"கொக்கிக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார் மண்டோர்.

திங்கள், முதல் கூண்டு.
ரஃபீக் தலையைத் தூக்கினான்.
சங்கிலி கிணுங்கும் முன்பே
ஓரடி ஒதுங்கினான்.
அந்த ஓரடியைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.
லீவரிலிருந்து கையை எடுக்கக்கூடாது,
எடுக்கவில்லை.

இரண்டே வாரத்தில்
எண்ணெயும் சாம்பலும் ஏறி
மஞ்சளும் கறுப்பாகத் தொடங்கிவிட்டது.
சனிக்கிழமைகளில் ஷிப்டு முடிந்து
மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறேன்.
ஓவர்டைம் பாரத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.